கை நனைத்த விரதம்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் யாரோ ஒரு அக்காவும் தங்கச்சியும். திருவண்ணாமலைக்கு மறுபடியும் ரத்த டெஸ்ட் பண்ணப் போகிறார்கள்.

"விரதம் இருந்து சுகர் ஏறினது நீ ஒருத்திதான்க்கா."

"மெதுவா பேசுடி. என் சின்னப் பொண்ணுக்குப் பாத்த எடம். கை நனைக்காம வந்தா சம்பந்தம் வேணாம்னு அர்த்தமாயிடும். டாக்டர் சோத்த கம்மி பண்ணச் சொன்னாருன்னு அங்க எப்பிடி சொல்றது? விரதம்னுட்டேன்."

"அப்பறம்?"

"விரதக்காரங்களுக்குன்னு வெல்லம் போட்ட அவலும் வாழப்பழமும் வச்சிட்டாங்க. பக்கத்து இலையில கீரையும் பொரியலும். அத பாத்துக்கினே அவல முழுங்கினேன்."

"சுகர்னு சொன்னா இன்னா?"

"தாய்க்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்பாங்க. ஒரே கூச்சமா போச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் திரும்பவில்லை.

"மாப்ளயோட அம்மா ஒண்ணும் கேக்கலயா?"

"எங்க? அவங்களும் சோறு தொடல. என் பக்கத்துல உக்காந்து அவல்தான் சாப்ட்டாங்க."

"அவங்களுக்கு இன்னா விரதம்?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் கேக்கல. அவங்களும் என்னைய கேக்கல."