ஜோயாவின் மஞ்சள்

– இன்னொரு தரம் பாருடி ஜோயா. மெஷின் தப்பாக் காட்டறதோ என்னமோ.

– ரெண்டு வாட்டி பாத்தாச்சு மது. நேத்து வந்த அதே ரீடிங்தான். சோக்கா மஞ்சள் ஏறிக்கீது பாரு! என் என்சைம் சும்மா பிச்சு ஒதறுது.

– வரப்டாதே.

– இன்னாது?

– இவ்ளோ மஞ்சள் வரப்டாதுன்னேன்.

– அரே, என்சைம் எவ்ளோ வேலை செய்யுதோ அவ்ளோ மஞ்சள். நீதானே எனக்கு சொல்லிக் குடுத்தே? இப்ப வரக்கூடாதுன்றே. ஒண்ணு கேக்கவா, கோச்சுக்காதே. வயித்தெரிச்சலா?

– ஆமாம், எரியத்தான் செய்யறது. நாலு வருஷமா இந்த அடையார் லேபே கதின்னு கெடக்கேன். பண்டிகைக்குக்கூட ஆத்துல இருக்கறதில்லை. என் என்சைம் அசைய மாட்டேங்கறது. நேத்திக்கு வந்தவ நீ, ஜெர்மனிக்கு உன்னை அனுப்பறார் சண்முகசுந்தரம் சார். மயிலாப்பூர்ல பஸ் ஏறச்சேயே உன் மூஞ்சி ஞாபகம் வந்துடறது. பத்திண்டு வரது.

– யா அல்லா! இவ்ளோ உள்ள வச்சிக்கினா என்கூட டிபன் துன்னே?

– கேட்டே, சொல்லிட்டேன்.

– சரி வுடு. சார் மாடிலதான் கீறாரு. இந்த ரீடிங்கைக் காட்டினா இன்னிக்கே ஜெர்மனிக்கு மெயில் போட்ருவாரு. வரட்டா?

– போகாதே.

– கைய வுடு மது.

– ஜெர்மனிக்குப் போய் நாலு பேர் முன்னாடி அசிங்கப்படப்போறே.

– என் மேல இன்னா திடீர் அக்கறை? இப்பதானே பத்திக்கினு வருதுன்னே?

– அக்கறையும் இல்லை, ஒண்ணும் இல்லை. கணக்கு ஒதைக்கறது. என்சைமை எந்த ட்யூப்லேர்ந்து எடுத்தே?

– ஐஸ் பெட்டில என் பேர் போட்டு வச்சிருந்தேனே, அதான்.

– புதுசா வேற என்சைம் எதுவும் கலக்கலையே?

– கலக்கலம்மா, நேத்து கலக்கி வச்ச அதே என்சைம்தான். இன்னாத்துக்கு இப்டி நோண்டறே? மூஞ்சி ஏன் வெளுத்துக்கினு போவுது உனக்கு?

– நீ வரதுக்கு முன்னாடி அந்த ட்யூபை நான் கொதிக்க வெச்சுட்டேன்டி. உன் என்சைம் கார்த்தாலயே செத்தாச்சு. அப்புறம் நேத்திக்கும் இன்னிக்கும் எங்கேர்ந்து வரது இந்த மஞ்சள்?