உடைபடாத முத்திரை

பொன் குவிந்த அறையில் பொன்னினும் பொறுமை மிக்கவராய் வீற்றிருந்த கண்காணிப்பாளர் அவர்களே! விமான நிலையச் சுங்கப் பெட்டக அறையின் விழி மூடாக் காவலரே! ஓய்வு பெறும் உங்களுக்கு உடன் பணியாற்றியோரின் உளமார்ந்த வணக்கம்.

பயணிகளிடம் பறிமுதல் செய்த தங்கத்தை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டு நாங்கள் நிம்மதியாக உறங்கினோம். நீங்கள் உறங்கினீர்களா என்று கேட்டதில்லை.

நகை வைத்து மூடிய உறையின் முத்திரையை உடைக்குமுன், அதில் எழுதியிருக்கும் உரிமையாளரின் பெயரை நடைகூடத்தில் மும்முறை அழைக்க வேண்டும். ஆள் இருந்தால் அவர் கண்முன்தான் உடைக்க வேண்டும் என்பது பழைய விதி. மற்றவர்கள் வாய்க்குள் முணுமுணுத்து முடித்தார்கள். நீங்களோ வாசலில் நின்று, விருந்தாளியை வரவேற்பதுபோல் வாய்விட்டு அழைத்தீர்கள். “பூட்டின கட்டடத்துல யாரு சார் வரப்போறா?” என்று நகை மதிப்பீட்டாளர் கிண்டலடிப்பார். சிரித்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போவீர்கள்.

அந்த வளையல் வழக்கை மறக்க முடியுமா! அணிந்து வந்த இரண்டு வளையல்களைப் பறித்தது செல்லாது என்று ஒரு பெண் பயணி நீதிமன்றம் சென்றார். போட்டிருக்கும் நகை சரக்கல்ல என்றது அவர் தரப்பு. அளவு மீறியது என்றது நம் துறை. தீர்ப்பு வருமுன்பே வளையல்களை உருக்கச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது. உருக்கிவிட்டால், வழக்கில் வென்றாலும் அவருக்கு விலைதான் கிடைக்கும், வளையல் கிடைக்காது.

உருக்க எடுத்த நாள், உச்சிப்பொழுது. உறையிலிருந்த பெயரை மூன்றாம் முறை அழைத்தீர்கள்.

“இருக்கேன்” என்றது நடைகூடம்.

மதிப்பீட்டாளர் இடுக்கியைக் கீழே வைத்தார். காவலர் விளக்கெல்லாம் போட்டுத் தேடினார். கதவுகள் உட்புறம் தாழிட்டபடியே இருந்தன. மேலதிகாரி தொலைபேசியில் சீறினார். நீங்கள் குரல் உயர்த்தவில்லை. “பதில் வந்திருக்கு சார். ஆளு வர்ற வரைக்கும் நான் உடைக்க மாட்டேன்.” அதற்காகப் பதவி உயர்வு பறிபோனது. முத்திரை முறியவில்லை.

பறிமுதல் செல்லாது, வளையல்களை அப்படியே திருப்பிக் கொடுங்கள் என்று தீர்ப்பானது. வாங்க வந்தவரை உறையிலிருந்த பெயர் சொல்லி அழைத்தீர்கள். அவர் எழவில்லை.

“அது எம் பொண்ணு பேரு சார். வளையலுக்கு உள்பக்கம் பொறிச்சிருக்கும். அவ தவறிப்போய் நாளாச்சு.”

பறித்த நாளில் பொறிப்பைப் பார்த்த நம் ஆள், அதையே உரிமையாளர் பெயராக உறையில் எழுதிவிட்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் அந்த அம்மாவிடம் சொன்னீர்கள். அவர் மிரளவில்லை.

“பயந்த குரலா இருந்துச்சா?”

“இல்லம்மா. பக்கத்து ரூம்ல இருந்து சொல்ற மாதிரி, நிதானமா.”

அவர் வளையல்களைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நீங்கள் முன்னே சென்று கதவைத் திறந்து பிடித்தீர்கள். அவர் கடந்து போன பிறகும், இன்னொருவர் கடக்கும் நேரம் பிடித்தபடியே நின்று, பிறகுதான் மூடினீர்கள்.

அந்தக் கைகள் நடுக்கமின்றி, நோயின்றி, பேரப்பிள்ளைகளைத் தூக்கி மகிழ்ந்து பல்லாண்டு வாழ்க!

அன்புடன்,
பெட்டக அறை ஊழியர்கள்