முள் பத்தில் நிற்கிறது

— லீலா, முள்ளு எங்க நிக்குது? ரோட்டப் பாக்காத, மடியில இருக்கிற காத்து அளக்குற கேஜைப் பாரு.

— பத்துலங்க. இப்பவும் பத்துலதான்.

— இருக்காது. எஞ்சினுக்குள்ள பத்து பவுண்டு காத்து போனா இந்த வண்டி பறக்கணும். வெறகு சொமக்குற பொம்பளைங்ககூட நம்மள முந்திப் போறாங்க. நீ சரியாப் பாக்கல.

— பழனியிலேர்ந்து இதையேதான பாத்துக்கிட்டு வர்றேன். ஒரு கொரங்கக்கூடப் பாக்கல.

— கேட்டுக்க. வெளிநாட்டு வண்டி இது, எம்பத்தஞ்சாம் வருஷத்து மாடலு. பொகை போற வேகத்துல ஒரு சக்கரம் சுத்தி, எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கி விடும். டர்போன்னு பேரு. அதுதான் செத்துப் போச்சு. கழட்டி கோயமுத்தூருக்கு அனுப்பணும்.

— அனுப்பினா எப்பங்க வரும்?

— அங்க இருந்து பம்பாய்க்குப் போகும். அப்புறம் எப்ப வருமோ.

— அதுவரைக்கும் பாலசமுத்திரத்து மடத்து சிஸ்டருங்க பொறுக்க மாட்டாங்க. இன்னைக்கு மலை ஏறலேன்னா வித்துடுறதாச் சொல்லிட்டாங்க. மலைக் கிராமத்து நோயாளிங்கள ஏத்தத்தான ஜெர்மனிக்காரங்க இத அனுப்பி வச்சாங்க. எங்க வீட்டுக்காரரு சேனாதிபதி மெக்கானிக் பாத்தா சரியாயிரும்னு நான்தான் சொல்லி வாங்கிட்டு வந்தேன்.

— அவங்க வண்டிக்கு உனக்கு என்ன இவ்வளவு கவலை?

— சும்மாதான். நல்ல வண்டி.

— எஞ்சின்லேர்ந்து டியூபு இழுத்து கேஜ் மாட்டியும் பிரயோசனமில்ல. வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்க ஒடிச்சிக்கிட்டு நான் எங்க முள்ளப் பாக்குறது? நம்ம பட்டறை ஞானவேலு இருந்தா அவன ஓட்டச் சொல்லிட்டு நானே பாப்பேன். அவன் இன்னைக்குன்னு பாத்து கல்யாணத்துக்குப் போயிட்டான்.

— ஓரமா நிறுத்துங்க.

— ஏன், கொமட்டுதா?

— எறங்கி இந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டுறேன்.

— வெளையாடுற நேரமா இது? கீழ பாரு, பள்ளம்.

— பள்ளம் தெரியுது. வெரசா ஏறுங்க.

— ஏய், கிளட்ச்ச மெதுவா விடு. மெதுவா. அட, எடுத்துட்டியே. ஒரு குலுக்கலும் இல்லாம எடுத்துட்ட. யாரு சொல்லிக் குடுத்தா?

— உபகாரம் சிஸ்டர். அவங்க ஜீப்புல.

— மடத்துக்குத் தையல் கிளாஸுக்குன்னுதான போன?

— தையலும்தான். ஒரு ஜாக்கெட் தச்சேன், கை நுழையல. மிச்ச நேரமெல்லாம் ஜீப்புதான்.

— லைசென்ஸு?

— தைப்பூசத்துக்கு முன்னாடியே வாங்கிட்டேன். என்னைய அப்புறம் பாக்கலாம், முள்ளப் பாருங்க.

— பத்து.

— நான் என்ன சொன்னேன்?

— சத்தியமா பத்துதான். அப்படின்னா டர்போ சாகல. காத்து வருது, ஆனா வண்டி இழுக்கல. லீலா, அந்தப் பாறையோரமா நிறுத்து.

— நிறுத்திட்டேன். பானெட்டுக்குள்ள என்ன தேடுறீங்க?

— கேட்டுக்க. டீசல் பம்பு மேல இந்தச் சின்ன டப்பி இருக்கு பாரு. காத்து எவ்வளவு அமுக்குதுன்னு இது உணரணும். உணர்ந்தாத்தான் பம்பு டீசலக் கூட்டிக் குடுக்கும். டப்பிக்குக் காத்து வர்ற வழி இந்த மெல்லிசுக் குழா. இப்ப டப்பிப் பக்கத்து முனையில கேஜ மாட்டிட்டேன். ஏறு, ஏத்தத்துல விட்டு நல்லா மிதி.

— மிதிக்கிறேன். முள்ளு?

— அசையவே இல்ல. குழா அடைச்சிருக்கு லீலா. அந்தப் பக்கம் பத்து, இந்தப் பக்கம் ஒண்ணுமில்ல.

— இதுக்கு சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா?

— சந்தோஷப்படு. கோயமுத்தூரும் வேணாம், பம்பாயும் வேணாம். நிறுத்து, கழட்டிப் பாப்போம். இந்தா பாரு, குழாய முடுக்குற போல்ட்டு ஓட்டை பூராவும் கரி அடைச்சுக் கெடக்கு. குத்தி எடுக்க மெல்லிசாக் கம்பி இல்லியே.

— என் ஊக்கு இருக்கு, இந்தாங்க.

— வருது, கட்டி கட்டியா வருது. ஓட்டை சுத்தமாயிருச்சு. குழாயோட அந்த முனையில நீ வாய வச்சு ஊது, நான் இங்க பாக்குறேன்.

— ஊதிட்டேன். வந்துச்சா? ஐயய்யோ, மூஞ்சியெல்லாம் கரி. மீசைக்கு மேல இன்னொரு மீசை.

— சிரிச்சது போதும், அந்த ஸ்பானர எடு. ம், மாட்டியாச்சு. நீயே ஓட்டு.

— ஏங்க, லேசா மிதிச்சதுக்கே பாயுதே.

— மூணாவது கியர் போடு. அட, மூணுலயே ஏறுது. முன்னாடி லாரி போகுது, ஆரன் அடிச்சுட்டுப் போ. அப்படித்தான். பயமா இல்லியா உனக்கு?

— கீழ ஜீப்புல மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— கத்துக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க.

— சிரிச்சிருப்பேன்தான். இப்பச் சிரிப்பு வரல, பெருமையா இருக்கு. சரி, பெருமாள்மலையில டீ குடிச்சிட்டுத் திரும்புவோம். ஆனா ஒண்ணு. சிஸ்டருங்க இதுக்கு டிரைவர் பாத்துட்டாங்களாமே? எவன்னு தெரியல. சோலி தெரியாதவன்கிட்ட இந்த வண்டியக் குடுக்கக் கூடாது. அவனக் கூப்பிட்டு நானே ரெண்டு வார்த்தை சொல்லணும்.

— இப்பவே சொல்லுங்க. திங்கக்கெழமை கவுஞ்சி மலைக் கிராமத்துக்கு மொதல் டிரிப்பு, நான்தான் எடுக்குறேன்.