ஒத்திகையில் அழிந்த நகல்

"ஹலோ... ஆங், செந்தமிழ்ச்செல்விதான். சொல்லுங்க சிவசங்கர் சார்... இங்க வெள்ளிமலையில ஜீப் ஸ்டாண்டுகிட்ட மட்டுந்தான் டவர் கெடைக்கும். அங்கதான் நின்னுகினு இருக்கேன். கத்தாம சொல்லுங்க."

லீவில் மலைக்கு வந்தவளைச் சென்னையிலிருந்து டீம் லீடர் அழைப்பது இது ஏழாவது தடவை. ஆறு தடவை அடிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருந்தாள்.

"இன்னா, போயிடுச்சா? ஆஸ்பத்திரி டேட்டாபேஸோட நகல் மொத்தமுமா?... ஆமா ஆமா, மெயின் சர்வர் இருக்கும். நகல்தான் இருக்காது... டிரை ரன்தான் போட்டீங்களா? டிரை ரன்னுன்னா இன்னா சார்?... கரெக்ட். ஒத்திகை. இன்னின்னது செய்யப்போறேன்னு சொல்லணும், எதையும் தொடக்கூடாது. நகல் சர்வர் அமைக்கன்னு நீங்க எழுதின டூல் இன்னா பண்ணுது? பழைய நகலை நெஜமாவே அழிக்குது. புதுசு எடுக்கறதை மட்டும் எடுத்த மாதிரி நடிக்குது."

"...நான் சொல்லலியா? செவ்வாக்கெழமை உங்க டூலைச் சரிபாக்கற ரிவ்யூவுலயே குறிப்பு எழுதினேனே, அழிக்கிற எடத்துல டிரை ரன்னான்னு பாக்கவே இல்லைன்னு. பதிலுக்கு ஒரு சிரிக்கிற பொம்மை போட்டு அந்தக் குறிப்பை மூடிட்டீங்க. 'மொதல்ல இன்னா, இன்னான்னு பேசறத வுடு, அப்பால ரிவ்யூ பண்ணலாம்'னு பத்து பேர் எதிர்ல சொன்னீங்க... ஆங், தமாசுதான். நானும் சிரிச்சேன் இல்ல?"

"...ஓ, நான் எழுதின அந்தக் குறிப்பையும் அழிச்சிட்டீங்களா? அழிங்க. ரிவ்யூல எழுதறது எல்லாம் எனக்கு மெயில்லயும் வந்துகினு இருக்கு சார். எதுக்கும் ஒரு நகல் வெச்சிக்கணும்னு நீங்கதானே கத்துக்குடுத்தீங்க?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"அழுவுறீங்களா?... மூணு மணி மீட்டிங்ல, அந்த டூலை ஓட்டச் சொன்னதே நான்தான்னு நான் ஒத்துக்கணுமா? இல்லாட்டி உங்க வேலை போயிடுமா?... ஆமா ஆமா. போயிடும்."

ஜீப்காரர் ஹாரன் அடித்தார். 'இரு' என்று கையைக் காட்டினாள். அவள் குரல் திடீரென்று பஞ்சாக மெத்தென்றானது.

"சரிண்ணா, அழாதீங்க. கேட்டுக்கோங்க. மொதல்ல மேனேஜர் விஜயலட்சுமி மேடத்துக்குப் போன் போடுவேன். தப்பு என்னுதுன்னு சொல்லுவேன். அந்த மெயிலைச் சுத்தமா அழிச்சிடுவேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது... ஐய, இதுக்குப் போய் இன்னாத்துக்குண்ணா நன்றியெல்லாம்... சொல்லி முடிச்சிட்டீங்களா?"

ஜீப்பின் பக்கம் இரண்டு அடி வைத்தாள்.

"இது டிரை ரன்னுண்ணா. நான் எதையும் தொடல."

போனை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.