நூற்று நாற்பதாம் பக்கத்தோடு நிற்காத எங்கள் அக்காவுக்கு

நம் இணைய நூல் இதழின் மதிப்புரைப் பகுதிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பொறுப்பாசிரியராக இருந்து விடைபெறும் அம்மையாருக்கு அலுவலகப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

அறிவை ஆடையாகவும் அடக்கத்தை அணியாகவும் பூண்ட அம்மையீர்! நூல்களை நேசித்து, நுணுக்கமாய் வாசித்து, நேர்மையாய் யோசித்து, பத்தொன்பது ஆண்டுகள் பழுதறப் பணியாற்றிய பண்பின் பெட்டகமே! எழுதுவோர்க்கு ஏணியாய், படிப்போர்க்குத் தோணியாய், எங்கள் எல்லோர்க்கும் கேணியாய் விளங்கிய எழுத்துலகின் எழிலே! நம் இதழின் தகைசால் இயக்குநர் அவர்களின் தலைமையிலும், மேன்மைமிகு மூத்த விமர்சகர் அவர்களின் முன்னிலையிலும், மலர்ந்த முகத்தோடும் கனிந்த மனத்தோடும் இம்மடலை வாசித்தளிப்பதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறோம்!

அக்கா, இதுவரை வாசித்ததை இயக்குநர் ஏற்கெனவே படித்துவிட்டார். இனி வருவதை உங்களோடும் இந்தக் கூடத்தில் இருக்கும் எல்லோரோடும் சேர்ந்து இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கப்போகிறார். மடலை முழுதாக எழுதி, ஐந்து பக்கங்களையும் மூன்று நாள் முன்பே அவருடைய ஒப்புதலுக்கு அனுப்பினோம். "ரொம்ப அருமை, அப்படியே படிச்சிடுங்க" என்று ஒன்றரை நிமிடத்தில் பதில் வந்தது. முதல் பத்தியில் ஐஸை அள்ளி வைத்தது அதற்காகத்தான். இந்த இடம் வந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார் என்று நம் ஓவியர் பந்தயம் கட்டியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். நீங்கள் ஒப்புதல் கொடுத்த மடல்தான் இது. உங்கள் பதிலையும் இன்று நடந்ததையும் மட்டும் பிறகு சேர்த்தோம், வேறு ஒரு சொல்கூட மாறவில்லை.

முதலில் நிர்வாகமே ஒரு மடலை அச்சடித்து, சட்டமும் மாட்டி எங்கள் கையில் கொடுத்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் "ஒரு விபத்தும் இன்றி" நீங்கள் பணியாற்றியதாக எழுதியிருந்தது. "தங்கள் பயணிகள் தங்களை என்றும் மறவார்" என்றும் இருந்தது. யாரோ ஒரு பேருந்து ஓட்டுநருக்கு எழுதியதை எங்கிருந்தோ எடுத்து, மேலே உங்கள் பதவியை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டுநர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பத்தொன்பது வருடம் உழைத்த ஒருவரை வழியனுப்ப அவர்கள் செலவிட்ட அக்கறை அவ்வளவுதான். சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு தாளைக் கழற்றிவிட்டோம்.

இதை எழுதியதும் படிப்பதும் தளத்தைப் பராமரிக்கும் தொழில்நுட்பக்காரனாகிய நான். நல்ல நடை எழுதத் தெரிந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். இருந்தும் நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தின் காவலரே!

மருந்துக் கடைக்கு மேலே இரண்டே அறை. ஒன்றில் நாங்கள் ஐந்து பேரும் ஐந்து கணினிகளும். மற்றொன்றில் நீங்களும் மதிப்புரைக்கு வரும் புத்தகங்களும். நாற்காலியில் புத்தகம், ஜன்னல் விளிம்பில் புத்தகம், கை கழுவும் தொட்டிக்கு அடியில்கூட ஒரு கட்டு. மதிப்புரை எழுதுபவர் ஒருவர் படிப்பார். அவர் எழுதியதை வெளியிடும் முன் நீங்களும் அதே புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிப்பீர்கள். படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "முடிந்தது" என்று எழுதி, தேதி போடுவீர்கள். பிறகு எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கடைசி இருபது பக்கத்தில் இருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பீர்கள். பதில் வந்தால் மதிப்புரை வரும். வராவிட்டால், "ஒண்ணும் அவசரம் இல்லீங்க, படிச்சிட்டே அனுப்புங்க" என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்தத் தொலைபேசிக்குப் பயந்து உங்களுக்கு வைத்த பட்டப்பெயர்தான் 'கடைசிப் பக்கம்'. கேலியாக வைத்தார்கள். நாங்கள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு, சபையோர்க்குச் சொல்ல வேண்டும். அச்சில் வந்த தப்பு காலத்துக்கும் அங்கேயே கிடக்கும். இணையத்தில் வந்த தப்பை ஒரே சொடுக்கில் அழித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்துகொள்ளலாம். நீங்கள் அதற்கு ஒருநாளும் இடம் கொடுக்கவில்லை. எதை மாற்றினாலும், என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், என்றைக்கு மாற்றினோம் என்று கட்டுரையின் தலையிலேயே போட வைத்தீர்கள். பத்தொன்பது வருடத்தில் முந்நூற்றுப் பதினொரு திருத்தங்கள். அவற்றில் நாற்பத்திரண்டு உங்கள் சொந்தத் தப்பு. ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரை நீங்களே போட்டீர்கள். நம் இதழை நம்பி நூலகங்கள் புத்தகம் தேர்ந்தெடுக்கின்றன என்றால், அது இந்த முந்நூற்றுப் பதினொன்றால்தான்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது திருத்தம்தான் உங்கள் வேலையைப் பறித்தது.

போன மாதம் கண்ணில் புரை நீக்க ஒரு வாரம் விடுப்பில் போனீர்கள். அந்த வாரத்தில், இதோ மேடையில் நினைவுப் பரிசைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மூத்த விமர்சகரின் மதிப்புரை ஒன்று வந்தது. இயக்குநரே அதைத் தளத்தில் ஏற்றினார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி எழுதிய முதல் நாவலைப் பற்றியது. பல வருடமாகப் பேசாமல் இருக்கும் அக்காள் தங்கை கதை. அக்காள் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு லிப்ட் வாசலில் நிற்கிறாள். கதவு திறக்கிறது, உள்ளே, என்று வாக்கியம் பாதியில் அறுந்துவிடுகிறது. நாவல் அவ்வளவுதான் என்று எழுதினார் விமர்சகர். "முடிக்கத் தெரியாத கை" என்றார். "அரைகுறை வாக்கியத்தில் நாவலை நிறுத்துவது இன்றைய போலி நாகரிகம்" என்றார். மூன்று பத்திக்கு அந்த முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கியிருந்தார்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். ஒரு கண்ணில் இன்னும் கட்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பது என்று சொல்வார்கள். நீங்கள் நாலு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மற்றக் கண்ணால் அந்த நாவலைப் படித்தீர்கள். நாவலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். விமர்சகர் படித்தது பதிப்பகம் மின்னஞ்சலில் அனுப்பிய மாதிரிப் பக்கங்களை. அது நூற்று நாற்பதில் நின்றுவிடும். கீழே, "மாதிரிப் பக்கங்கள் முடிந்தன, முழுப் புத்தகம் வேண்டுவோர் எழுதவும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைக்கூட அவர் படிக்கவில்லை. லிப்டுக்குள் யார் இருந்தார் என்று இந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லப்போவதில்லை.

அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டீர்கள். நாங்கள் பக்கத்து அறையில் இருந்தோம், அவர் குரல் எங்களுக்கே கேட்டது. "நான் நாப்பது வருஷமா படிச்சிட்டு இருக்கேம்மா. எனக்குப் பாதி போதும்."

எனக்குப் பாதி போதும்! ஒரு புத்தகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறவர் சொல்கிற பேச்சா இது? பாதி சட்டை தைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா? பாதி வீட்டில் குடியிருப்பாரா? தன் நாற்பது வருடத்தைத் தூக்கி ஒருத்தியின் எழுபத்திரண்டு பக்கத்தின் மேல் வைத்து நசுக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

நாவல் எழுதிய அந்த அம்மாளே ஒருநாள் மதியம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உங்களிடம் பேசினார். பின்னால் சலவை இயந்திரங்கள் ஓடும் சத்தம். அவர் திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. "அம்மா, நான் கதைய முடிச்சுதாம்மா இருக்கேன். கடைசி எழுபது பக்கம் உங்களுக்கு வந்து சேரலையா? அச்சுல விட்டுப்போச்சா?" என்று கேட்டார். தப்பு தன்னுடையதாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்! நம் மதிப்புரையைப் பார்த்து நூலகக் குழு பட்டியலில் இருந்து அந்த நாவலை எடுத்துவிட்டது. "முடிக்கத் தெரியாதவளுக்கு நாவல் ஒரு கேடா" என்று கூடப்பிறந்த அண்ணனே கேட்டிருக்கிறார். "ரெண்டாவது ஒண்ணு எழுத ஆரம்பிச்சிருந்தேன். நிறுத்திட்டேம்மா. பரவால்ல விடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றைக்கே திருத்தம் போட்டீர்கள். சபைக்கு வாசிக்கிறேன்: "இம்மதிப்புரை நாவலின் முதல் 140 பக்கங்களை மட்டும் படித்து எழுதப்பட்டது. நாவலுக்கு 212 பக்கங்கள். முடிவைப் பற்றி இதில் சொல்லப்பட்டவை தவறு. சரிபார்க்காமல் வெளியிட்டது எங்கள் பிழை. ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்." விமர்சகரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை. நானாக இருந்தால் ஒரு பக்கத்துக்குத் திட்டியிருப்பேன். நூலகக் குழு அதைப் பார்த்துவிட்டு, மறுபடி பரிசீலிக்கிறோம் என்று எழுதியது.

ஆறு நாள் அது நின்றது. ஏழாம் நாள் இயக்குநர் படியேறி வந்தார். "அதை எடுத்துடுங்க, பெரிய மனுஷர் மனசு நோகுது" என்றார். "எழுதினவங்க மனசு நோகலையா சார்? தப்பு பண்ணது நாம" என்றீர்கள். "நான் சொல்றேன், எடுங்க." "நான் இருக்கிற வரைக்கும் அது இருக்கும்." இவ்வளவுதான் பேச்சு. குரலைக்கூட நீங்கள் உயர்த்தவில்லை.

இப்போது நான் எழுத அடம்பிடித்த காரணம். மறுநாள் காலை நீங்கள் கண் மருத்துவரிடம் போயிருந்தபோது இயக்குநர் என் மேசைக்கு வந்து, தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன். வீட்டில் மகளுக்குப் பள்ளி மாற்றும் நேரம், வேலை போய்விடுமோ என்ற பயம். ஒரு சாக்கும் நான் சொல்லப்போவதில்லை, பயந்தேன், கொடுத்தேன். அவரே உட்கார்ந்து திருத்தத்தை அழித்தார். முந்நூற்றுப் பதினொரு முறை நாம் செய்யாததை அவர் ஒரு நொடியில் செய்தார். நீங்கள் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றீர்கள். அதற்கு மேல் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பத்து நாளில் உங்களுக்குக் கடிதம் வந்தது. ஐம்பத்தெட்டில் ஓய்வு என்று ஒரு விதி இருக்கிறதாம். பத்தொன்பது வருடமாக எங்களில் யாரும் கேள்விப்படாத விதி! இயக்குநருக்கு அறுபத்து மூன்று. விமர்சகருக்கு எழுபது. உங்களுக்கு மட்டும் வயதாகிவிட்டது! துரத்திவிட்டு, அதற்கு விழாவும் எடுத்து, பரிசு கொடுக்கத் தப்பு செய்த ஆளையே அழைத்து வந்து மேடையில் உட்கார வைக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? யாரும் எதையும் கடைசி வரை படிப்பதில்லை என்று நம்புகிறவர்களுக்கு மட்டும்தான் வரும்.

அக்கா! பதவி போனாலும் பல்லிளிக்காதவரே! பணிவோடு பேசியும் பணியாது நின்றவரே!

நாங்கள் ஐவரும் இந்த மாதம் அந்த நாவலைப் படித்தோம். ஓவியர் பேருந்தில் படித்தார். நேர்காணல் எடுப்பவர் தன் மாமியாருக்கு வாசித்துக் காட்டினார். மெய்ப்புப் பார்ப்பவர் இரண்டு தடவை படித்தார். செய்திப் பகுதிக்காரர் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். நான் கடைசி அத்தியாயத்தில் அழுதேன்.

நூலகக் குழு வியாழக்கிழமை கூடுகிறது. அதனால் இன்று காலை பத்து மணிக்கு அந்தத் திருத்தத்தை மறுபடி தளத்தில் ஏற்றிவிட்டோம். இடையில் அது நீக்கப்பட்டிருந்தது, எந்தத் தேதியில், யார் சொல்லி, யார் கொடுத்த கடவுச்சொல்லால் என்பதையும் சேர்த்தே போட்டிருக்கிறோம். அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. குழுவுக்கும் சலவைப் பிரிவு அம்மாளுக்கும் இணைப்பை அனுப்பியாகிவிட்டது. உங்களைக் கேட்காமல் செய்தோம். கேட்டிருந்தால், "உங்க பொழப்பப் பாருங்கப்பா" என்று தடுத்திருப்பீர்கள்.

இயக்குநர் ஐயா, கடவுச்சொல் மாற்றப்படவில்லை, பழையதுதான். நீங்கள் விழா முடிந்ததும் படியேறிப் போய் மறுபடி அழிக்கலாம். ஆனால் போன முறை அதன் கீழே ஒரு பெயர் இருந்தது, ஒருவரை அனுப்பினால் போதுமாக இருந்தது. இந்த முறை ஐந்து பெயர் இருக்கிறது. அதை அழிக்கும் நிமிடத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்தே விடைபெறும் விழா எடுத்துவிடுங்கள். மடலை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

அக்கா, கட்டவிழ்ந்த கண்ணில் ஒளி பெருகட்டும்! கால் நோகாமல், கை நடுங்காமல், நூறாண்டு நலமாய் வாழ்க! மதிப்புரைக்கென்று இல்லாமல், தேதிக்கு முடிக்க வேண்டும் என்று இல்லாமல், உங்களுக்குப் பிடித்த புத்தகங்களை உங்களுக்கு வேண்டிய வேகத்தில் படியுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்கவும் இனி உங்களுக்கு உரிமை உண்டு. இந்த மடல் எழுதிய கடைசித் தாளின் ஓரம் காலியாக இருக்கிறது, பென்சிலும் கொண்டுவந்திருக்கிறோம். ஆனால் இன்றைக்கு அதில் எதையும் எழுதாதீர்கள். அந்த அம்மாள் சற்று முன்தான் கூப்பிட்டார். நிறுத்தி வைத்த இரண்டாவது நாவலை மறுபடி கையில் எடுத்துவிட்டாராம். "முடிச்சதும் மொதல்ல அந்த அக்காகிட்டதான் குடுப்பேன், எங்க இருந்தாலும் தேடி வருவேன்னு சொல்லுங்க" என்றார்.

உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டோம்.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும்,
மெய்ப்புப் பார்ப்பவர்
ஓவியர்
நேர்காணல் எடுப்பவர்
செய்திப் பகுதிக்காரர்
கடவுச்சொல்லைக் கொடுத்த தொழில்நுட்பக்காரன்