அன்றைய கொடியின் நிறம்

காலையில் இரண்டு கிண்ணம் கஞ்சி குடிக்காமல் எனக்குக் கை கால் ஓடாது. இஞ்சியை மெல்லிசாக நறுக்கிப் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி வைப்பாள் என் மனைவி சுமாலி. அதைக் குடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போவேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பேன். பிறகு கொடி ஏற்றுவேன். பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பச்சை பறந்தால் தாராளமாகக் குளிக்கலாம். மஞ்சள் என்றால் கரையோரமாக, பார்த்து இறங்க வேண்டும். சிவப்பு என்றால் காலைக்கூட நனைக்கக் கூடாது.

என்னைக் கெட்டவன் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தாவின் என்று பேரைச் சொல்லி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். குடிப்பதில்லை, சேவல் சண்டைக்குப் போவதில்லை. கடலிலிருந்து இதுவரை பதினோரு பேரை உயிரோடு இழுத்து வந்திருக்கிறேன். பன்னிரண்டாவது ஆளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

நான் காவல் காக்கிற கரைக்கு நேரே தாலே நுவான் விடுதி இருக்கிறது. அதன் முதலாளி பிரபாய் அக்கா. எனக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர். நான் குடியிருக்கிற வீடு அவருடைய அப்பா கட்டிக் கொடுத்தது. சுமாலிக்கு அங்கேயே சலவையறையில் வேலை. அப்படிப்பட்டவர் ஒன்றைச் சொன்னால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. இதற்குக் கிரெங் ஜாய் என்று பேர். மரியாதை, நன்றி, பயம், கூச்சம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டிய உருண்டை அது. தொண்டையில் நிற்கும், துப்பவும் முடியாது. வெள்ளைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, மறுப்பு என்று எடுத்துக்கொள்வதா என்பது எதிரே நிற்பவர் இஷ்டம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம். அதற்கு முந்திய வருடம்தான் பக்கத்துக் கரையில் ஒரு வெளிநாட்டுக்காரர் மூழ்கிப்போனார். அவர் ஊர்ப் பத்திரிகையில் எங்கள் கடல் முழுவதையும் சேர்த்து, ஆளைத் தின்கிற கடல் என்று எழுதிவிட்டார்கள். வந்து தங்கிய சிலரும் இன்டர்நெட்டில் எழுதினார்கள்: எந்நேரமும் சிவப்புக் கொடி, கடலைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், இதற்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. சமையற்கட்டில் ஆறு பேரை அக்கா வேலையை விட்டு நிறுத்தினார். அதில் இரண்டு பேர் சுமாலிக்குச் சொந்தம்.

அந்த நேரத்தில், ஐரோப்பாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்களை அனுப்புகிற ஒரு பயண நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. வருகிற அன்று காலையில் அக்கா மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்னைக்கு என்னடா கொடி?"

"சிவப்புதான்க்கா. மேல பாக்க எண்ணெய் ஊத்துன மாதிரி அமைதியா இருக்கு. அடியில இழுக்குது."

"பதினாறு நாளா ஒரே துணியக் காயப்போட்டுக்கிட்டு நிக்கிறே. உங்கிட்ட வேற கொடியே இல்லையா?"

நான் சிரித்தேன்.

"அந்தம்மா பத்து மணிக்கு வருது. சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குக் கிளம்பிரும். அது வரைக்கும் மஞ்சளப் போடு. அப்புறம் நீ சிவப்பு போடு, கறுப்பு போடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"யாராச்சும் இறங்கிட்டாங்கன்னா..."

"பின்ன நீ எதுக்குடா இருக்கே? மீனுக்கே நீச்சல் சொல்லிக்கொடுக்குற ஆளு. நீ நிக்கிற எடத்துல என்ன ஆயிரும்?"

"சரிக்கா" என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

அன்றைக்கு விடுதியில் ஏழெட்டுப் பேர்தான் தங்கியிருந்தார்கள். அதில் ஒரு தம்பதி, புருஷன் உர்ஸ், மனைவி மரியான். சுவிட்சர்லாந்துக்காரர்கள். நாங்கள் அவரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்த ஊரில் ரயில் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சிக்னலைக்கூடத் தவறவிட்டதில்லை என்று வந்த அன்றே என்னிடம் சொன்னார். என் கொடிக் கம்பத்தைக் காட்டி, "நீயும் நானும் ஒரே வேலைதான் பாக்குறோம், தாவின்" என்று சிரித்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஒரு வாரமாகக் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம் கரையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். அவளைக் கூப்பிட்டு, கொடியைச் சுட்டிக்காட்டி, போ என்று கையசைத்தார். அவள் குனிந்து அவர் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் ஓரமாகத்தான் குளித்தாள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த இழுப்புக்கு ஓரம் நடு என்று கிடையாது. கால் மணி நேரத்தில் அவள் தலை தூரத்தில் தெரிந்தது.

உர்ஸ் எழுந்து கத்தினார். என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, ஆள் கூட்டிவர விடுதிப் பக்கம் ஓடினார். நான் மிதவையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். முழங்கால் வரை இறங்கியும் விட்டேன். அப்போது என் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி பேசியது. அக்கா மாடிச் சாப்பாட்டு அறையில் இருந்து பார்த்திருக்கிறார். அந்தப் பயண நிறுவனத்து அம்மாளை உள்ளே மீன் சாப்பிட வைத்துவிட்டு வெளியே வந்து பேசியிருக்க வேண்டும், குரல் அடங்கித்தான் வந்தது.

"தாவின், கொடி. முதல்ல கொடிய மாத்து."

நான் நின்றேன்.

"காது கேக்குதாடா? அவங்க எல்லாம் ஓடி வர்றதுக்குள்ள கொடிய மாத்து. இல்லன்னா நாம அத்தனை பேரும் தெருவுலதான்."

நான் கரைக்குத் திரும்பினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கையை உயர்த்தினாள். நானும் கையை உயர்த்தி, பொறு என்று காட்டினேன். ஏதோ பெரிய படகு எடுக்கப் போகிறான் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது, அவள் கத்தவே இல்லை. சிவப்புக் கொடி கரையில் என் காவல் குடிசைக்குள், பெட்டியின் அடியில் கிடந்தது. கம்பத்துக் கயிறு உப்புத்தண்ணீரில் ஊறி முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடம் ஆகியிருக்கும். அதன் பிறகு நான் நீந்தின மாதிரி என் ஆயுளில் நீந்தினதில்லை, அதையும் நீங்கள் மறந்துவிடக் கூடாது.

அவளை இழுத்து வந்து மணலில் போட்டேன். உயிர் இல்லை. நெஞ்சை அமுக்கி, வாயில் ஊதி, தெரிந்ததையெல்லாம் செய்தேன். உர்ஸ் சமையற்கட்டு ஆட்களோடு ஓடி வந்தார். வந்தவர் முதலில் கொடியைப் பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"மஞ்சள்" என்றார். "மஞ்சளாத்தானே இருந்துச்சு?"

அக்கா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "இல்ல மிஸ்டர். பதினாறு நாளா சிவப்புதான். யார வேணும்னாலும் கேளுங்க."

அவர் என்னைத்தான் கேட்டார். வாயால் கேட்கவில்லை, பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

போலீஸ்காரர்கள் வந்து கொடியைப் போட்டோ எடுத்தார்கள். சிவப்பு என்று எழுதிக்கொண்டார்கள். பயண நிறுவனத்து அம்மாளுக்குக் காலையில் பார்த்த கொடி நினைவில் இல்லை போலிருக்கிறது, அழுதுவிட்டு, இங்கே எச்சரிக்கை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சிவப்புக் கொடி பறக்கிற கடலில் குதித்த வீரன் என்று என் படம் பேப்பரில் வந்தது. சுமாலி அதை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது.

செத்தவர்களுக்குப் புண்ணியம் சேர எங்களில் ஆண்கள் சில நாள் துறவு பூணுவதுண்டு. நான் மரியானுக்காக ஏழு நாள் துறவியானேன். தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு, காவி கட்டிக்கொண்டு, விகாரையில் தரையில் படுத்தேன். ஒரு நாள் விடியலில் உர்ஸ் என் பிச்சைப் பாத்திரத்தில் சோறு வைத்துவிட்டு, தெருவிலேயே மண்டிபோட்டுக் கும்பிட்டார். சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார். ஊருக்குப் போனதும் இன்டர்நெட்டில் எழுதினார். பாதுகாப்பான கரை, நல்ல மனிதர்கள், தப்பு எங்களுடையது, கொடி சிவப்பாக இருந்திருக்கிறது, என் கண்தான் பிசகிவிட்டது என்று எழுதினார். செத்தவளின் புருஷனே எழுதின பிறகு யார் என்ன சொல்ல முடியும்? அடுத்த மழைக்காலத்தில் விடுதி நிறைந்தது. வீட்டுக்குப் போன ஆறு பேரும் சமையற்கட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். சிவப்பை மஞ்சளாகப் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு ரயில் ஓட்டக் கூடாது என்று உர்ஸ் தானாகவே வேலையை விட்டுவிட்டார். இப்போது அவர் ஊரில் தன் கூடப்பிறந்த அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறார், ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். வருடா வருடம் அவள் செத்த மாதத்தில் இங்கே வருவார். சந்தையில் ஒரு மாங்காயைக் கையில் எடுத்து, "இது என்ன நிறம்?" என்று விற்கிற பெண்களிடம் கேட்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே, "பச்சை, மிஸ்டர், உங்க சட்டை நீலம், என் உதடு சிவப்பு" என்று கேலி பண்ணுவார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை வாய் வரை வந்தது. ஆனால் போன உயிர் திரும்பி வருமா? விடுதியில் நாற்பது குடும்பம் சோறு தின்கிறது. அக்காவை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

இந்த வருடம் வந்தபோது ரொம்ப மெலிந்திருந்தார். நேற்றுக் காலை விகாரை மண்டபத்தில் மரியானின் படத்துக்கு முன்னால் என்னையும் அக்காவையும் உட்கார வைத்துக்கொண்டு பேசினார். ஏழு வருடத்தில் எங்கள் பாஷையைத் தட்டுத்தடுமாறிக் கற்றிருக்கிறார்.

"நாலு டாக்டருங்க பாத்துட்டாங்க, தாவின். என் கண்ணுல ஒரு கோளாறும் இல்லையாம். அப்போவும் இல்லையாம்."

"நல்லதுதானே மிஸ்டர்" என்றார் அக்கா.

"இல்ல. கண்ணு நல்லா இருந்துச்சுன்னா, அது சிவப்புன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் போன்னு சொல்லியிருக்கேன். ஒரு வாரமா ஏங்கிக்கிட்டு இருந்தா, அவ மொகத்தப் பாக்க முடியாம சொல்லியிருப்பேன். அப்புறம் எனக்கு நானே மஞ்சள்னு சொல்லிக்கிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஒரே ஒரு நிமிஷமாவது மஞ்சள் இருந்துச்சா? நீ சொன்னாப் போதும். நான் வேற யாரையும் கேக்க மாட்டேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பூத்தட்டில் இருந்த மல்லிகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இல்ல மிஸ்டர்" என்றேன். "சிவப்புதான்."

அவர் தலையாட்டினார், மாங்காய்க்கு ஆட்டுகிற மாதிரியே. மன்னிப்புக் கேட்க உங்கள் வழக்கத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்த தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளுடைய படத்துக்கு முன்னால் தப்பில்லாமல் சொன்னார். பிறகு முழங்காலிலேயே திரும்பித் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"என்னால நீயும் அன்னைக்கு அந்தக் கடல்ல செத்திருப்பே. ஒன்கிட்டயும் கேக்கணும்."

அக்கா என் தொடையில் இடித்தார். "சொல்லுடா. காத்துக்கிட்டு இருக்காருல்ல."

அவ்வளவு தூரத்திலிருந்து வந்து மண்டிபோட்டுக் கேட்கிற மனுஷனிடம் எப்படி முடியாது என்று சொல்வது? தட்டை வாங்கிக்கொண்டேன். பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.