தூர்ந்துபோன பள்ளம்

சூழலியல் வரலாறு படிப்பவர்கள் தாங்கள் வாசித்ததை மாதந்தோறும் இணையத்தில் பகிர்ந்துகொள்வது நல்ல வழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் குழுவை ஆரம்பித்தவனே நான்தான். மன்னார்குடியில் கல்லூரி வாத்தியாராக இருந்தபோது காவிரியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். மணல் அள்ளிய பள்ளங்களை ஆறே வெள்ளத்தில் நிரப்பிக்கொள்ளும் என்பது அதன் சாரம். பல வருஷம் எல்லோரும் அதைத்தான் பகிர்ந்தார்கள்.

பிறகு எழில்மொழி எழுத வந்தாள். என் மாணவி. அவள் அம்மா அம்சம் எங்கள் வயலில் நடவு நட்டவள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் ஊரெங்கும் மாடிவீடுகள் எழும்பிய காலத்தில் மணலுக்காக ஆற்றில் தோண்டிய பள்ளங்கள் இன்னும் தூரவில்லை, அவற்றில் ஆட்கள் மூழ்கிச் சாகிறார்கள் என்று கட்டுரை எழுதினாள். குழுவில் எங்கு பார்த்தாலும் அதுதான். இனி என் புத்தகம் தேவையில்லை என்று ஒருவர் எழுதினார். அதற்கு அவள் போட்ட பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சாரைக் குறை சொல்லாதீங்க. எனக்கு ஆத்தைப் பாக்கக் கத்துக்குடுத்ததே அவங்கதான்."

நானே அவளைக் கூப்பிட்டேன். திருவையாற்றுக்குக் கிழக்கே, அக்கரையில் பழைய மதகு இருக்கிறது, காட்டுகிறேன் என்றேன். மேட்டூர்த் தண்ணீர் அப்போதுதான் வந்திருந்தது, ஒரே கலங்கல். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றாள்.

"சார், இங்க மணல் குவாரி ஓடுச்சே. பள்ளம் இருக்காதா?"

"அதெல்லாம் தூந்துபோச்சும்மா. முழங்கால் தண்ணிதான். முன்னால போ, பின்னாடியே வரேன்."

என் பேச்சை நம்பி இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு ஆள் இல்லை. ஒருமுறை தலை மேலே வந்தது. "சார்" என்றாள். நான் நன்றாக நீந்துவேன். அன்று நீந்தவில்லை.

இரங்கல் குறிப்பை நானே எழுதிக் குழுவில் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அம்சம் வீட்டுக்கும் போனேன். "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வலை வீசுகிற வீரையன் உங்களிடம் சொன்னது சரிதான். முந்தின நாளே நான் அந்த இடத்துக்குப் போயிருந்தேன். மூங்கில் கழியை விட்டு ஆழம் பார்த்தேன். கழி தரை தட்டவில்லை. தெரிந்துதான் அனுப்பினேன்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. யார் சொன்னாலும் அப்படியே நம்பாதே, நீயே சோதித்துப் பார் என்றுதான் வகுப்பில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.